நாலரை அங்குலம்

வேலம்பிசின் ஊறியிருக்கும் கொட்டாங்குச்சியில் ராமக்காள் ஆள்காட்டி விரலை முக்கி எடுக்கிறாள். பழைய வேட்டியில் கிழித்த மெல்லிய துணிப்பட்டைகள் அவள் மடியில் இருக்கின்றன. ஒவ்வொன்றாக எடுத்துப் பிசின் தடவி முதலில் இடது கை விரல்களில் சுற்றுகிறாள், பிறகு வலது கை விரல்களில். முழங்கால் இரண்டிலும் மடித்த துணியைக் கட்டிக்கொள்கிறாள். கடைசியில் இரண்டு கைகளையும் வெயிலில் நீட்டிக் காய வைக்கிறாள். மற்றப் பெண்கள் அதற்குள் ஆளுக்கு இரண்டு முறம் புளி உடைத்திருப்பார்கள்.

"என்னாடி, கல்யாணப் பொண்ணு இன்னும் சிங்காரிச்சு முடிக்கலியா?" என்று பக்கத்தில் உட்காரும் காசியம்மாள் கேட்பாள்.

"முடிஞ்சுதுடி. மாலைதான் வந்து சேரல" என்பாள் ராமக்காள்.

அதியமான்கோட்டையில், சேலம் போகும் பெரிய சாலையை ஒட்டி இருக்கிறது என் மாமா நஞ்சப்பனின் புளிக்களம். மாசி பிறந்தால் சுற்றுப்புறத் தோப்புகளிலிருந்து வண்டி வண்டியாகப் புளி வந்து இறங்கும். காய்ந்த பழத்தைக் கட்டையால் தட்டி ஓட்டைப் போக்கி, நாரை உரித்து, கொட்டையை எடுத்து, சதையை உருண்டையாகப் பிடிக்க வேண்டும். முப்பது பெண்கள் இந்த வேலை செய்கிறார்கள். சித்திரை முடிவதற்குள் எல்லோருடைய விரல் நுனிகளும் புளியில் வெந்து சிவந்துவிடும். ராமக்காளுக்கு அதோடு நிற்காது. உடைந்த ஓட்டின் விளிம்பு நமக்கு ஒரு கீறல் போடும் இடத்தில் அவளுக்கு மீன் வாயைத் திறந்ததுபோல ஒரு புண் திறந்துகொள்ளும். அவள் தோல் அப்படிப்பட்டது. ஈரக் காகிதம் மாதிரி கிழியும்.

அதைத் தைக்கவும் முடியாது. பல வருஷங்களுக்கு முன் வண்டியிலிருந்து விழுந்து அவளுடைய நெற்றி கிழிந்தபோது ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் டிரெஸ்ஸர் ஒருவர் ஆறு தையல் போட்டாராம். "மூணாம் நாளு பாத்தா நூலு மட்டும் நிக்குது தம்பி. தோலு அந்தாண்ட ஒண்ணு, இந்தாண்ட ஒண்ணு. நைஞ்ச துணியத் தெச்சா நிக்குமா? அவுரு மேல தப்பில்ல" என்று சொல்லுவாள். அன்று முதல் ஊசி, நூல் என்றால் அவளுக்கு ஆகாது. களத்துக்குப் பின்னால் நிற்கும் வேலமரத்தில் வடியும் பிசினைச் சேர்த்து வைத்துக்கொண்டு தன் புண்ணைத் தானே துணி வைத்து ஒட்டிக்கொள்கிறாள். அந்த மரத்தை வெட்டி வண்டிச் சட்டம் செய்யலாம் என்று ஒரு தடவை மாமா சொன்னார். எதற்கும் எதிர்த்துப் பேசாத ராமக்காள் அன்று எழுந்து நின்றாள். "அது என் ஆஸ்பத்திரிங்க" என்றாள். மரம் இன்னும் நிற்கிறது.

அவளுக்கு வயது என்ன என்று அவளுக்கே தெரியாது. விஷ ஜுரம் வந்து ஊரே பிணமாகக் கிடந்த வருஷத்தில் வயதுக்கு வந்தவள் என்று கணக்குப் போட்டால் முப்பத்தெட்டு, நாற்பது இருக்கலாம். ஒல்லியான, உயரமான உருவம். கண்ணோரங்களில் தோல் கொஞ்சம் தொங்கியிருப்பதால் எப்போதும் தூங்கி எழுந்தவள் போல இருப்பாள். முழங்காலிலும் நெற்றியிலும் ஆறிய தழும்புகள் வெங்காயச் சருகுபோல மெல்லியதாக மினுமினுக்கும். நாயைக் கண்டால் சாலையின் அடுத்த பக்கம் போய்விடுவாள். முள் வேலி ஓரமாக நடக்கவே மாட்டாள். வண்டிகள் போகும் நடுச்சாலையில் தான் பாட்டுக்கு நடப்பாள். வண்டிக்காரர்கள் கத்தினால், "நீங்க இடிச்சா ஒரு காயம்தான் சாமி, இந்த வேலி இடிச்சா நூறு காயம்" என்பாள்.

அவளுடைய கட்டைவிரல் பின்பக்கமாக வளைந்து மணிக்கட்டைத் தொடும். உருண்டை பிடிக்கும்போது உள்ளங்கை முழுவதும் குழிந்து ஒரு கிண்ணம் போலாகிவிடும். முப்பது பேர் பிடித்த உருண்டைகளில் அவளுடையதைத் தனியே கண்டுபிடித்துவிடலாம், எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே வட்டமாக இருக்கும். வெளியூர் வியாபாரிகளுக்குக் காட்ட மாமா எப்போதும் அவள் பிடித்ததைத்தான் எடுப்பார். அவளிடம் அதைச் சொன்னதில்லை. அவளுக்கும் அது தெரியும், அவளும் சொன்னதில்லை.

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்த பிறகு சைக்கிள் டியூப் கிடைக்காமல் போயிற்று. அப்போது, இழுத்தால் நீளும் அவள் தோலை வைத்துக் களத்தில் ஒரு புதுக் கேலி கிளம்பியது. "ஏ ராமக்கா, பட்டாளத்துக்கு ரப்பரு பத்தலியாம். வெள்ளக்காரன் லாரி எடுத்துக்கினு வரான், ஓடிப் போயி ஒளிஞ்சுக்க!" என்று காசியம்மாள் கத்துவாள். முப்பது பேரும் சிரிப்பார்கள். ராமக்காளும் சிரிப்பாள். "உங்களுக்கெல்லாம் சாமி அளவு எடுத்துத் தெச்சான். எனக்குத் தாராளமா வெட்டிட்டான். பொறாமப்படாதீங்கடி."

ஆனால் அந்தத் தாராளத்தை அவள் யாருக்கும் காட்டுவதில்லை. பங்குனி வெயிலிலும் முந்தானையை இழுத்து இரண்டு கைகளையும் மூடிக்கொண்டுதான் வேலை செய்வாள். அவளுக்குக் கல்யாணமான புதிதில் மாமியார் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு, "எங்க மருமவ கையப் பாருங்க" என்று தோலை இழுத்துக் காட்டுவாளாம். நாத்தனாரின் குழந்தைகள் பந்தயம் கட்டி இழுக்குமாம். புருஷன் கோலார் தங்கச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். வருஷத்துக்கு ஒரு தடவை மாரியம்மன் பண்டிகைக்கு வருவார், போவார். ராமக்காள் ஒரே மகளைத் தூக்கிக்கொண்டு அதியமான்கோட்டைக்கு வந்து, அன்றிலிருந்து கையை மூடிக்கொண்டாள். மகள் பெயர் தீர்த்தம்மாள். களத்தில் எல்லோரும் பாப்பாள் என்றுதான் கூப்பிடுவார்கள்.

கையை மூடிக்கொண்டிருந்த இந்தப் பெண்ணை ஊர் முன்னால் நிறுத்தியவன் நான். அதையும் எழுதினால்தான் ராமக்காளைப் பற்றி எழுதியதாகும்.

நான் எஸ்.எஸ்.எல்.ஸி. தேறி மூன்று வருஷம் ஆகிறது. பட்டாளத்தில் குமாஸ்தாவாகச் சேரப் போனேன். மூச்சை இழுக்கச் சொல்லி மார்பை நாடாவால் அளந்தார்கள். போதிய அளவு விரியவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேறு வேலையும் கிடைக்காமல் மாமாவின் களத்தில் மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தேன். கையில் ஒரு புத்தகம் இருந்தது. சேலத்தில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய, அட்டை போன ஆங்கில உடற்கூற்று நூல். அதைத் தினம் ஒரு பக்கம் தமிழில் எழுதிவிடுவது, நம் ஜனங்கள் தங்கள் உடம்பைத் தங்கள் பாஷையிலேயே தெரிந்துகொள்ளும்படி செய்வது என்று தீர்மானித்திருந்தேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. இதைச் சொல்வதால் எனக்கு ஆறுதலும் இல்லை.

நம் உடம்பில் இரண்டு வகை நார்கள் உண்டு என்று அந்த நூல் சொல்கிறது. ஒன்று வெள்ளை நார். அது இழுத்தால் நீளாது, கயிறுபோலப் பிடித்து நிறுத்தும். மற்றொன்று மஞ்சள் நார். அது இழுத்தால் நீளும், விட்டால் பழைய இடத்துக்குத் திரும்பும். இதற்கு நான் மீள்நார் என்று பெயர் வைத்தேன். மூச்சு விட்டதும் நுரையீரல் சுருங்குவது மீள்நாரால். இதயம் தள்ளும் ரத்தத்தை வாங்கி விரிந்து, மறுபடி சுருங்கி, ரத்தத்தை முன்னே அனுப்புகிற பெரிய குழாயின் சுவரிலும் அதுதான் இருக்கிறது. காது மடலை மடக்கி விட்டால் நிமிர்வதும், மாடு நாள் முழுதும் தலையைத் தூக்கிக்கொண்டு அலுக்காமல் நிற்பதும் அதனால்தான். வயதானால் இந்த நார் தளர்ந்து தோல் சுருங்குகிறது. இதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்த நாட்களில் எதைப் பார்த்தாலும் எனக்கு நாராகவே தெரிந்தது.

அப்படி ஒரு நாள் ராமக்காள் முழங்கையில் ஒட்டிய புளியோட்டை எடுப்பதற்காக முந்தானையை விலக்கித் தோலைப் பிடித்தாள். தோல் கூடாரம்போல எழுந்து வந்தது. ஓட்டை உதறிவிட்டுத் தோலை விட்டாள். அது சட்டென்று போய்ப் பழையபடி ஒட்டிக்கொண்டது. நான் மூட்டையிலிருந்து குதித்து இறங்கினேன்.

"ராமக்கா, இன்னொரு தடவை இழுங்க."

"என்னாத்துக்குங்க?" என்று முந்தானையை மூடினாள்.

"இதுக்குப் புத்தகத்துல பேரு இருக்குது. இங்க பாருங்க, க்யூட்டிஸ் ஹைப்பர் எலாஸ்டிகா. மீள்தோல்ன்னு நான் எழுதலாம்ன்னு இருக்கறேன். நீங்க ஒரு வாட்டி காட்டினா அளந்து எழுதிக்குவேன்."

அவள் புத்தகத்தை எட்டிப் பார்த்தாள். "என் ஒடம்பு அதுல இருக்குதா?" என்று கேட்டாள். பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டு மெதுவாக, "அதுல மருந்து போட்டிருக்குதா தம்பி?" என்றாள்.

மருந்து எதுவும் போட்டிருக்கவில்லை. நான் அப்படிச் சொல்லவில்லை. "பெரிய டாக்டருங்களக் கேட்டாத் தெரியும்" என்றேன். "எனக்கு வேணாங்க, பாப்பாளுக்கு" என்றாள். தீர்த்தம்மாளின் கட்டைவிரலும் அம்மாவைப் போலவே பின்னால் வளைகிறதாம். தோல் அவ்வளவு இழுபடாது, ஆனால் இலேசாக இடித்துக்கொண்டாலும் நீலமாகக் கன்றிவிடும். "அதுக்கு நல்லம்பள்ளியில சம்பந்தம் பேசறாங்க. எனக்கு ஆன மாதிரி அதுக்கு ஆவக்கூடாது." சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள். நான் பள்ளிக்கூடத்து மர ஸ்கேலை எடுத்துவந்து வைத்து அளந்தேன். நாலரை அங்குலம். நோட்டில் எழுதினேன்: "ரா. பெண். வயது சுமார் 38. முழங்கை. நாலரை அங்குலம்."

பங்குனியில் தர்மபுரியில் ஒரு சுகாதாரக் கண்காட்சி நடந்தது. கொசுவைப் பற்றியும் அம்மை குத்தும் பாலைப் பற்றியும் படங்கள் மாட்டி, தென்னோலைப் பந்தலில் ஐந்து மேஜைகள் போட்டிருந்தார்கள். என் பழைய ஆசிரியர் ஒருவரைப் பிடித்து ஒரு மேஜையை நான் வாங்கிக்கொண்டேன். சேலத்திலிருந்து பெரிய டாக்டர் வருகிறார் என்று ராமக்காளிடம் சொன்னேன். அது உண்மைதான். அவர் அவளைப் பரிசோதிப்பார் என்றும் சொன்னேன். அது நானாகச் சேர்த்தது.

அவள் வெளுத்த புடவை கட்டிக்கொண்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, மாமாவின் வண்டியில் வந்து இறங்கினாள். டாக்டரைப் பார்க்கப் போகிறவள் போலத்தான் வந்திருந்தாள். நான் மேஜையை முன்பே தயார் செய்து வைத்திருந்தேன். ஒரு பக்கம் சைக்கிள் டியூபில் வெட்டிய துண்டு. நடுவில், கசாப்புக்காரரிடம் கேட்டு வாங்கிய மாட்டின் பிடரி நார், கண்ணாடிக் குடுவையில். அதற்கு அடுத்தாற்போல ஒரு முக்காலி. அந்த முக்காலியில் ராமக்காளை உட்காரச் சொன்னேன். அவள் குடுவையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உட்கார்ந்தாள்.

கூட்டம் சேர்ந்தது. நான் டியூபை இழுத்துக் காட்டினேன். குடுவையைத் தூக்கிக் காட்டினேன். பிறகு ராமக்காளின் முந்தானையை நானே விலக்கி, முழங்கைத் தோலை இரண்டு விரலால் பிடித்து இழுத்துக் காட்டினேன். ஆவென்று ஒரு சத்தம் எழுந்தது. பின்னால் இருந்தவர்கள் முன்னால் நெருக்கினார்கள். "இன்னொருக்கா, இன்னொருக்கா" என்றார்கள். பத்து, பதினைந்து தடவை இழுத்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் என் குரல் உயர்ந்துகொண்டே போயிற்று. "இது பேயும் அல்ல, சாபமும் அல்ல. பரம்பரையாக வருவது. தாய்க்கு இருந்தால் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வரலாம்!" என்றேன். மூட நம்பிக்கையை ஒழித்துவிட்டதாக அந்த நிமிஷத்தில் நினைத்தேன். கூட்டத்தில் நல்லம்பள்ளிப் பெண்கள் இரண்டு பேர் நின்றிருக்கிறார்கள். எனக்கு அவர்களைத் தெரியாது. ராமக்காளுக்குத் தெரியும். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கப்படுகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பெரிய டாக்டர் வந்தார். தோலைப் பிடித்து இழுத்து விட்டார். கூட வந்தவரிடம் ஆங்கிலத்தில், மிக நல்ல ஸ்பெசிமன் என்று சொன்னார். அடுத்த மேஜைக்குப் போனார். எல்லாம் ஒரு நிமிஷம்கூட இருக்காது. என்னைப் பாராட்டியது போல எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"என்னா சொன்னாருங்க? பாப்பாளுக்கு மருந்து இருக்குதாமா?" என்று ராமக்காள் என் சட்டையைத் தொட்டுக் கேட்டாள்.

"நல்லா இருக்குதுன்னு சொன்னாரு" என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை நல்லம்பள்ளியிலிருந்து பெண்கள் வந்தார்கள். அன்று நடந்ததைக் காசியம்மாள் எனக்குச் சொன்னாள். உறவுக்காரி என்பதால் அவளும் அங்கே இருந்தாள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து, மணப்பெண்ணின் கையை நூலால் அளந்துகொண்டு போவார்கள். அந்த அளவுக்குத்தான் கல்யாண வளையல் வாங்குவது.

"கையக் குடும்மா, வளையலுக்கு அளவு எடுக்கணும்ன்னாங்க தம்பி. இந்தப் புள்ள நீட்டுச்சு. ஒருத்தி மணிக்கட்டுல நூலச் சுத்தற மாதிரி சுத்திட்டுத் தோலக் கிள்ளி இழுத்தா. வுட்டா. பக்கத்துல இருக்கறவ நானும் பாக்கறேன்னா. அப்பறம் இன்னொருத்தி. ஆறு பேரு. புள்ள கைய இழுக்கவும் தெரியாம குடுக்கவும் தெரியாம நிக்குது. ராமக்கா ஓடியாந்து, என்னியக் கிள்ளுங்க, எங்கிட்டதான் இருக்குது, என்னியக் கிள்ளுங்கன்னு தன் கைய நடுவுல நீட்டறா. ஒருத்திகூடத் திரும்பிப் பாக்கல. பந்தல்ல அந்தப் பையன் சொன்னது நெசந்தான்னு ஒரு கெழவி சொன்னா. எழுந்து போயிட்டாங்க. தட்டுல வெத்தல அப்பிடியே கெடந்துச்சு."

சொல்லி முடித்துவிட்டுக் காசியம்மாள், "நீங்க நல்லாப் படிச்சவுங்க தம்பி" என்றாள். கேலியா இல்லையா என்று அவள் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் தீர்த்தம்மாள் களத்துக்குத் தண்ணீர் கொண்டு வந்தாள். குடத்தை இறக்கும்போது அவள் கையைப் பார்த்தேன். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஆறு நீலப் புள்ளிகள் இருந்தன, ஒவ்வொன்றும் ஒரு புளியங்கொட்டை அளவு. சிறு ரத்தக்குழாய்களின் சுவர் தளர்ந்திருந்தால் எளிதில் கன்றும் என்று என் புத்தகத்தில் ஓரிடத்தில் வருகிறது. அந்தக் கையைப் பார்த்தவுடன் என் மனம் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் தேடியது. அதற்குப் பிறகுதான் அது ஒரு பெண்ணின் கை என்று எனக்கு உறைத்தது. நான் செய்த காரியங்களில் இதை நினைத்தால்தான் எனக்கு இன்றும் அதிகமாகக் கூசுகிறது. இதை யாரும் பார்க்கவில்லை, எனக்கு மட்டுமே தெரியும்.

ராமக்காளிடம் போய் நின்றேன். "ராமக்கா, நான் தெரியாம..." என்று தொடங்கினேன். அவள் கட்டையால் புளியைத் தட்டுவதை நிறுத்தவில்லை. "வெயில்ல நிக்காதீங்க தம்பி. உள்ள போங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மாமாவிடம் பேசுவது போல, மரியாதையாகச் சொன்னாள். அதன் பிறகு ஏறக்குறைய ஒரு வருஷம் அவள் என்னிடம் பேசியதெல்லாம் "சரிங்க", "ஆவட்டுங்க", "இல்லீங்க" இவ்வளவுதான். மற்றவர்களோடு பழையபடி கேலி பேசுவாள். ரப்பர் என்று யாராவது சொன்னால் பதிலும் சொல்லுவாள். நான் அந்தப் பக்கம் வந்தால் முந்தானையை இழுத்து மூடிக்கொள்வாள். முன்பு எல்லோருக்காகவும் மூடினாள், இப்போது எனக்காக. மொழிபெயர்ப்பை நான் நிறுத்திவிட்டேன். நோட்டு மட்டும் இருக்கிறது. நாலரை அங்குலம் என்று எழுதிய பக்கத்தைக் கிழிக்கப் போய், கிழித்துவிட்டால் தப்பித்துக்கொண்டதாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

இந்தத் தை மாதக் கடைசியில் ஒரு நாள் அவளாகவே வந்து மூட்டைக்குப் பக்கத்தில் நின்றாள்.

"தம்பி, ஒரு ஒத்தாசை பண்ணணும். பென்னாகரத்துப் பக்கமிருந்து பாப்பாளக் கேட்டு வராங்க. விசயம் காதுல வுழுந்துட்டுத்தான் வராங்க. நானும் மறைக்க வேணாம்ன்னு இருக்கறேன். நீங்க வந்து அந்த இங்கிலீசுப் பேரச் சொல்லுங்க."

"நானா?"

"நீங்கதான் ஊருக்கே சொன்னீங்க. நீங்களே சொன்னாத்தான் நம்புவாங்க. தொத்து நோவு இல்லைன்னு சொல்லுங்க. பாதிப் புள்ளைங்களுக்கு வரும்ன்னீங்களே, அதையும் சொல்லுங்க. பொய் வேணாம்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "இதுவும் போயிட்டா இனிமே யாரும் வரமாட்டாங்க தம்பி. புள்ளைக்குப் பத்தொம்பது ஆவுது" என்றாள்.

இரண்டு நாள் யோசித்து யோசித்து மனப்பாடம் செய்துகொண்டு போனேன். மாப்பிள்ளையின் தாய் சென்னம்மாளும் அவருடைய தம்பியும் வந்திருந்தார்கள். சென்னம்மாள் தடித்த, குள்ளமான பெண்மணி. காது நிறைய வெள்ளைக்கல் தோடு, காலில் வழி நெடுகப் பட்ட புழுதி. பாயில் உட்கார்ந்து, தீர்த்தம்மாள் கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, அவளைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். கையைப் பிடிக்கவில்லை. ராமக்காள் என்னைப் பார்த்தாள். நான் எழுந்து நின்றேன். பந்தலில் நின்றது போல நிற்கிறேன் என்று தோன்றியதும் மறுபடி உட்கார்ந்துகொண்டேன்.

"இது தொத்து வியாதி இல்லீங்க. தோலுக்குள்ள ரெண்டு வகை நாரு உண்டு..." என்று சொன்னேன். பெயரைச் சொன்னேன். பாதிப் பிள்ளைகளுக்கு வரலாம் என்பதையும், தீர்த்தம்மாளுக்குக் கொஞ்சம் இருக்கிறது என்பதையும் சொன்னேன். உயிருக்கு ஆபத்தில்லாமல் எத்தனையோ பேர் இதோடு வாழ்கிறார்கள் என்று சொன்னேன். மருந்து இல்லை என்றும் சொன்னேன். ராமக்காளுக்கு அதை அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சொல்கிறேன் என்பது வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் எனக்கு நினைவு வந்தது.

சென்னம்மாளின் தம்பி தொண்டையைச் செருமினார். "அக்கா, போயி நாலு பேரக் கலந்துக்கினு சொல்லலாம்" என்றார்.

சென்னம்மாள் என் பக்கம் திரும்பினார். "சரிங்க தம்பி, நல்லா வெளக்கமாச் சொன்னீங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு, முழங்காலை மடித்து ராமக்காள் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா, இது நோவுமா?"

நான் அளந்திருக்கிறேன். டாக்டர் பிடித்துப் பார்த்திருக்கிறார். மாமியார் காட்டியிருக்கிறாள், ஊர் பார்த்திருக்கிறது. இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை என்பது ராமக்காள் பதில் தேடியதிலிருந்து எனக்குத் தெரிந்தது.

"இழுத்தா நோவாதுங்க. கிழிஞ்சா நோவும்" என்றாள். பிறகு, "ஆளுங்க கூடி நின்னு பாக்கறப்ப..." என்றாள்.

சென்னம்மாள் தீர்த்தம்மாளைத் திரும்பிப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். வாசலில் யாரோ எட்டிப் பார்க்க, அவர்களைப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"எங்க வூட்ல பொண்ணுங்கள முள்ளு வெட்ட அனுப்பற வழக்கமில்லீங்க சம்பந்தி" என்றார்.

தம்பி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். தீர்த்தம்மாள் எழுந்து உள்ளே ஓடினாள். ராமக்காள் சென்னம்மாளின் கையை இரண்டு கையாலும் எடுத்து, தன் முழங்கைத் தோலின் மேல் வைத்து, அங்கேயே பிடித்துக்கொண்டிருந்தாள்.